இரண்டு முறை கூப்பிட்ட பிறகு

என் நாத்தனாருக்கு நான் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் மாதமே வைத்துவிட்டேன். ஒருநாள் காலையில் அவசர அவசரமாகக் கிளம்பி, சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு என் கடைக்குப் போய்விட்டேன். தையலும் லேபிளும் ஊருக்கே தெரிய அரைநாள் நின்றிருக்கிறேன். சாயங்காலம் வந்து புலம்பினால், இவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடி நிதானமாகச் சொல்கிறாள்: "காலைலயே பார்த்தேன் அண்ணி."

"பார்த்தியா? பார்த்துட்டு சும்மாவா இருந்தே?"

"நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்கன்னு இருந்தேன்."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும் என்று கேட்டேன். அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். பிறகுதான் தெரிந்தது, அவள் என்னைக் கேலி செய்யவில்லை. அவள் தொழிலே அதுதான்.

அவள் ஒரு விமானப் பயிற்சிக் கழகத்தில் ஆசிரியை. இரண்டே இருக்கை உள்ள சின்ன விமானம். இடதுபக்கம் மாணவன், வலதுபக்கம் இவள். மாணவன் தப்புச் செய்வான். இவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் கை வரும். மற்றபடி அவன் திணறி, வியர்த்து, தானே கண்டுபிடிக்க வேண்டும். "நான் சொன்னா சாயங்காலம் மறந்துடுவான் அண்ணி. அவனே கண்டுபிடிச்சா சாகுற வரைக்கும் மறக்க மாட்டான்" என்பாள். சாகிற விஷயத்தை இத்தனை அலட்சியமாகப் பேசுகிறவளுடன் ஒரே வீட்டில் இருப்பது எனக்குச் சுலபமாக இல்லை.

என் சுபாவம் நேரெதிர். எனக்கு எதையும் தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும். தெரிந்ததைச் சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும். நான் சலவைக்கடை வைத்திருக்கிறேன். ஹோட்டல் படுக்கை விரிப்புகள், மேஜைத் துணிகள், அவ்வப்போது யாராவது கொண்டுவரும் கோட்டுகள். கடையில் என் நாற்காலிக்கு வலதுபக்கம் ஆள் உயரத்துக்கு ஓர் உலர்த்தும் எந்திரம். காலையிலிருந்து ராத்திரி வரை அது 'தடதட'வென்று ஓடும். அதன் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி எனக்குக் குரல் இப்படி ஆகிவிட்டது என்று என் கணவர் சொல்வார். அவர் சொல்வதும் பாதி எனக்கு விளங்காது. அந்தக் குடும்பமே முணுமுணுக்கிற குடும்பம். அண்ணன், தங்கை இரண்டு பேரும் தாடையை அசைக்காமல் பேசுவார்கள்.

நாத்தனாருக்கு ஆசை என்னவோ பெரிய விமானம்தான். அதற்குப் பறந்த மணிக்கணக்கு வேண்டும். மணிக்கணக்கு சேர்க்கத்தான் ஆசிரியை வேலை. அவளிடம் கற்றுக்கொண்ட பிள்ளைகள் ஒவ்வொருவராக விமான கம்பெனிகளுக்குப் போய்ச் சேர, இவள் அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள். விண்ணப்பம் போடுவாள், பதில் வராது. வந்தால், ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டோம் என்று வரும். முப்பத்தெட்டு வயது ஆகிவிட்டது. எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அவளுக்கு எப்படி இருந்தது என்று கேட்டால்தானே சொல்லுவாள். கேட்டாலும் சொல்ல மாட்டாள்.

கடைசியில், சின்ன ஊர்களுக்கு இரட்டை விசிறி விமானம் ஓட்டும் ஒரு கம்பெனி அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அவளுடைய ஒரே கோட்டை நானே நீராவி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"என்ன கேட்டாங்க? ஒண்ணு விடாம சொல்லு."

"வானிலை கேட்டாங்க. எஞ்சின் நின்னா என்ன பண்ணுவேன்னு கேட்டாங்க. அப்புறம், உங்க கேப்டன் தப்பு பண்ணினா என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"உடனே சொல்லுவேன்னு சொன்னேன்."

நான் சிரித்த சிரிப்பில் என் கணவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "நீயா? உடனேயா?" என்றேன். அவள் முகம் மாறவில்லை. ஆனால் வேலை கிடைத்துவிட்டது. அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பயிற்சிக் கழகத்தில் அவள் இடத்துக்கு வேறொருவரை அந்த வாரமே எடுத்துவிட்டார்கள். இனி பின்னால் போக வழியில்லை.

வேலை கிடைத்தது என்றால் விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். அதெல்லாம் இல்லையாம். முதலில் வகுப்பறை, எழுத்துத் தேர்வு. அப்புறம் சிமுலேட்டர் என்கிற, தரையிலேயே நிற்கிற போலி விமானப் பெட்டி. அதில் கடைசித் தேர்வு முடிந்தால்தான் நிஜ விமானம். தேர்வில் தோற்றால் மறுபடி ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் போய்விட்டால் வீட்டுக்கு.

எங்கள் துணி அலமாரியின் இரண்டு கதவுகளிலும் ஒரு பெரிய படத்தை ஒட்டினாள். விமானி அறையின் படம், அசல் அளவில். வட்டம் வட்டமாக மீட்டர்கள், நூற்றுக்கணக்கில் பொத்தான்கள். அதற்கு முன்னால் இரண்டு சாப்பாட்டு நாற்காலி. அவள் வலதுபக்க நாற்காலியில் உட்கார்ந்து, காகிதப் பொத்தான்களைத் தொட்டுத் தொட்டு, மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாகக் கையை ஓட்டுவாள். என் கணவருக்குச் சட்டை வேண்டுமென்றால் விமானத்தைத் திறந்துதான் எடுக்க வேண்டும். "எஞ்சினுக்குள்ள என் பனியன் மாட்டிக்கிச்சு" என்று அவர் ஒருநாள் சொன்னார். அந்த மனிதர் வருடத்துக்கு ஒரு ஜோக் சொல்வார்.

நான் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டே அவளைக் கொன்றேன். இது எதுக்கு, அது எதுக்கு, இந்தச் சிவப்பு மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? அவள் சொன்னதில் ஒன்று மட்டும் என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது, ஒருவர் வேகத்தைப் படித்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர், சரி என்று பதில் சொல்ல வேண்டும்.

"ரெண்டு பேர் முன்னாடியும்தான் மீட்டர் இருக்கே. எதுக்குச் சொல்லிக்கணும்?"

"ரெண்டு மீட்டரும் ஒண்ணா காட்டுதான்னு பார்க்க. அப்புறம்..." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "பக்கத்துல இருக்கறவர் நினைவோட இருக்காரான்னு தெரிஞ்சுக்க. பதில் வரலன்னா ஏதோ கோளாறுன்னு அர்த்தம். சில பேர் கண்ணைத் திறந்துக்கிட்டே மயங்கிப் போயிருப்பாங்க அண்ணி. பார்த்தா தெரியாது."

அன்றைக்கு ராத்திரி படுக்கையில், "என்னங்க, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டுப் பார்த்தேன். பதில் வந்ததா வரவில்லையா தெரியவில்லை. முணுமுணுக்கிற குடும்பம்.

சிமுலேட்டரைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் கடையைக் கொஞ்சம் முன்னால் மூடிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு வருகிற சாக்கில் பயிற்சி நிலையத்துக்கே போய்விட்டேன். வரவேற்பறையில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்கவிட்டாள். பெரிய கூடம். நடுவில் ஜன்னலே இல்லாத வெள்ளைப் பெட்டி ஒன்று ஆறு இரும்புக் கால்களில் நின்றுகொண்டிருந்தது. திடீரென்று முன்னால் குனிந்தது, ஒருபக்கம் சாய்ந்தது, உதறியது. உள்ளே அவளுக்கு இப்போது மழை, மேகம், இருட்டு. வெளியே எனக்கு டியூப் லைட்டும் ஒரு தண்ணீர் கேனும். இந்தப் பெட்டிக்குள்தான் அவள் எதிர்காலம் குலுங்கிக்கொண்டிருந்தது.

பெட்டியிலிருந்து இறங்கினவர்களில் ஒருத்தனை எனக்கு ஏற்கெனவே தெரியும். அவளிடம் படித்தவன். விமானத்தைத் தரையிறக்கும்போதெல்லாம் துள்ளித் துள்ளித்தான் இறக்குவானாம், அதனால் கழகத்தில் அவனுக்குத் தவளை என்று பெயர். படித்து முடித்து இதே கம்பெனிக்கு முன்பே வந்து, இத்தனை வருடம் வலதுபக்க இருக்கையில் துணை விமானியாக இருந்துவிட்டு, இப்போது கேப்டனாகப் பயிற்சி எடுக்கிறான். புதிதாகக் கேப்டனாகிறவர் ஒருவர், புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் என்று ஜோடி சேர்ப்பது அங்கே வழக்கம். அப்படி இவர்கள் இரண்டு பேரும் ஜோடியாகிவிட்டார்கள். இடதுபக்கம் தவளை, வலதுபக்கம் இவள். பழைய சின்ன விமானத்தில் உட்கார்ந்த அதே மாதிரி.

"மிஸ் பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியம்" என்று அவன் என்னிடம் சொன்னான். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது.

தேர்வு நாள் மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். விரிப்பு மடிக்கிற மேஜை ஓரத்தில் உட்கார்ந்தாள். கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். அப்போதே தெரிந்துவிட்டது, நல்ல செய்தி இல்லை என்று.

எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. கடைசியில், தரையிறங்க வரும்போது, தவளை வேகத்தைக் குறைக்காமல் வந்திருக்கிறான். குறிப்பிட்ட உயரத்துக்குள் வேகம் அடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் இறங்கக் கூடாது, மேலே எழும்பிச் சுற்றி வர வேண்டும். அதைக் கவனித்துச் சொல்வதுதான் வலதுபக்கத்தவரின் வேலை. இவள் பார்த்திருக்கிறாள். மீட்டரையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். இரண்டு கையும் தானாக மடிக்குப் போய்விட்டன. அந்த உயரமும் தாண்டிவிட்டது. தேர்வு நடத்துகிறவர் பெட்டியை நிறுத்திவிட்டார்.

"வேகத்தைப் பார்த்தீங்களா?" என்று அவளைக் கேட்டிருக்கிறார்.

"பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"அவரே கண்டுபிடிச்சுடுவார்னு இருந்தேன்."

அவர் தவளை பக்கம் திரும்பியிருக்கிறார். "நீங்க ஏன் அப்படியே வந்தீங்க?"

"மிஸ் ஒண்ணும் சொல்லலயே சார். மிஸ் பேசாம இருந்தா நான் சரியா பண்றேன்னு அர்த்தம்."

இதைச் சொல்லிவிட்டு அவள் தன் கைகளையே பார்த்தாள். "அண்ணி, இத்தனை வருஷமா நான் பேசாம இருந்தது அவனுக்கு 'யோசி'ன்னு கேட்டிருக்கும்னு நினைச்சேன். அவனுக்கு 'சபாஷ்'னு கேட்டிருக்கு."

இரண்டு பேருக்கும் தோல்வி. ஒருவாரம் கழித்து மறுதேர்வு. அதிலும் தவறினால் அவன் பழையபடி வலதுபக்க இருக்கைக்கு; இவள் தெருவுக்கு. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, தலையில் ஒரு குட்டு வைக்கவும் தோன்றியது. நான் சட்டையைத் திருப்பிப் போட்ட அன்றைக்கே வாயைத் திறக்கப் பழகியிருந்தால் இன்றைக்கு இது வந்திருக்குமா? இரண்டையும் செய்யாமல் டீ போட்டுக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் அலமாரிக்கு முன்னால் இரண்டாவது நாற்காலியில் நான் ஏறி உட்கார்ந்தேன். இடதுபக்கம், கேப்டன் இடம். கையில் சுக்கானுக்குப் பதில் ஒரு பெரிய பாத்திர மூடி.

"அண்ணி, நீங்க தப்பு பண்ணுங்க. நான் சொல்றேன்."

"தப்பு பண்ண எனக்குத் தனியா பயிற்சி வேணாம், தாராளமா பண்ணுவேன்" என்றேன்.

ஏதாவது ஒரு காகிதப் பொத்தானை வேண்டுமென்றே தவறாகத் தொடுவேன். வேகம் இத்தனை என்று நானே சொல்லிவிட்டு, குறைக்காமல் மூடியைப் பிடித்துக்கொண்டு வருவேன். அவள் வாயைத் திறப்பாள், மூடுவாள். மீன் மாதிரி. அப்புறம் மெல்ல ஏதோ வரும்.

"காதுல விழல! சத்தமா சொல்லு!"

"வேகம்" என்பாள்.

"இன்னும் சத்தமா! முணுமுணுன்னா யாருக்குக் கேட்கும்?"

"வேகம்!"

அவர்களுக்கு ஒரு விதி இருக்கிறது. தப்பைப் பார்த்தால் ஒருமுறை சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் இரண்டாவது முறை, கேப்டன் என்று கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால், யோசிக்கக் கூடாது, மரியாதை பார்க்கக் கூடாது. கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, எடுத்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் நினைவோடு இருந்தால் ஒப்புக்கொண்டு விட்டுவிட வேண்டும். பெட்டிக்குள் இதை இங்கிலீஷில் சொல்வார்களாம். எங்கள் அலமாரி முன்னால், "என் கையில!" என்பாள், நான் மூடியைக் கொடுத்துவிட்டு, "உன் கையில" என்பேன்.

வீடு முழுக்க இதுவே பாடமாகிவிட்டது. குழாயைத் திறந்துவிட்டு வருவேன். இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் வருவேன். அவள் சொல்ல வேண்டும். நான் காதில் விழாத மாதிரி இருப்பேன். அவள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். நானும் விடவே இல்லை, "கேட்கல, கேட்கல" என்று விரட்டிக்கொண்டே இருந்தேன். வாரக் கடைசியில் அவள் போட்ட சத்தத்துக்குக் கீழ்வீட்டு அம்மா மேலே ஏறி வந்து, "வீட்ல யாருக்காவது வாக்குவாதமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் கணவர் ஒரு மூலையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை சத்தம் போட்டு அவர் கேட்டதே இல்லையாம்.

மறுதேர்வு அன்று எனக்குக் கடையில் கை ஓடவில்லை. ஒரே விரிப்பை மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் வந்து நின்றபோது முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தில் எதுதான் தெரியும்!

"பாஸ்" என்றாள். நல்லவேளை, நேருக்கு நேர் நின்று சொன்னாள்.

நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அழுகையும் வந்துவிட்டது. பிறகு வழக்கம்போல, ஒன்று விடாமல் சொல்லு என்றேன்.

தவளை இந்தத் தடவை அருமையாக ஓட்டியிருக்கிறான். ஆனால் கடைசியில், கீழே வந்துகொண்டிருந்தவன், இறங்குவதை நிறுத்த வேண்டிய உயரத்தில் நிறுத்தவில்லை. "உயரம்" என்று சொல்லியிருக்கிறாள். அவன் பேசவில்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"அண்ணி, அந்த முகம் எனக்கு நல்லாத் தெரியும். யோசிக்கறப்ப அவன் முகம் அப்படித்தான் இருக்கும். இன்னும் ஒரு நிமிஷம் விட்டா கண்டுபிடிச்சுடுவான்னு மனசு சொல்லுது. என் கை மடிக்குப் போகுது. அப்பத்தான் உங்க சத்தம் ஞாபகம் வந்துச்சு, 'கேட்கல, கேட்கல'ன்னு."

"கேப்டன்! உயரம்!" என்று கத்தியிருக்கிறாள். பதில் இல்லை. உடனே கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டாள். சொல்லிக்கொண்டே எடுத்தாள். விமானத்தை மேலே தூக்கி, சுற்றி வந்து, தானே இறக்கினாள். கடைசியில் பார்த்தால், கண்ணைத் திறந்தபடி மயங்கினவன் மாதிரி நடிக்கச் சொல்லித் தேர்வு நடத்துகிறவர்தான் அவனிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார். இறங்கினதும் தவளை, "மிஸ், நீங்க கத்தின கத்துல மயக்கம் தெளிஞ்சுடுமோன்னு பயந்துட்டேன்" என்றானாம். அவனும் பாஸ்.

நான் சிரித்துக்கொண்டே விரிப்பை எடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய் உலர்த்தும் எந்திரத்தை அணைத்தாள். கடை திடீரென்று அமைதியாகிவிட்டது. என் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணி, உங்க வலது காது கேட்கல."

நான் விரிப்பின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தேன். சேர்த்து மடித்தேன்.

"அண்ணி!" குரல் உயர்ந்தது. "வலது காது. டாக்டரைப் பார்க்கணும்."

நான் அடுத்த மடிப்புக்குப் போனேன். நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயமாக இருந்தது.

விரிப்பு என் கையை விட்டுப் போய்விட்டது. அவள் பிடுங்கி மேஜைமேல் போட்டாள். ஆணியில் தொங்கிய கடைச் சாவியை எடுத்தாள். "என் கையில" என்றாள்.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?" என்று கேட்டேன். கோபத்தில் என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"நீங்க அலமாரி முன்னால நாற்காலியில உட்கார்ந்த மறுநாள்லேருந்து. நான் வலது பக்கம்தானே உட்கார்ந்தேன். நீங்க நடிக்கிறீங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம் பார்த்தா, நடிக்காதப்பவும் கேட்கல." அவள் கண் கலங்கியிருந்தது. "நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்கன்னு..."

"நான் எப்பவோ கண்டுபிடிச்சாச்சுடி!"

சொல்லிவிட்டேன். போன் வந்தால் எந்தக் காதில் வைக்கிறேன் என்று எனக்குத் தெரியாதா? யார் வந்தாலும் நாற்காலியை ஏன் திருப்பிப் போட்டு உட்காருகிறேன் என்று தெரியாதா? முணுமுணுக்கிற குடும்பம் என்று நானே கட்டிவிட்ட கதைதானே அது. எல்லாம் தெரியும். தெரிந்தால் மட்டும் என்ன? டாக்டர் என்ன சொல்வாரோ என்று பயம். சொல்லாமல் இருந்தால் இல்லாமல் போய்விடும் என்று இருந்துவிட்டேன்.

"கண்டுபிடிக்கறதெல்லாம் ஒண்ணுமே இல்லடி" என்றேன். "யாராவது சொல்ல மாட்டாங்களான்னுதான் இருந்துச்சு."

அவள் சாவியை உயர்த்திப் பிடித்தபடி என் பதிலுக்காகக் காத்திருந்தாள். விதி அப்படி, பதில் வராமல் நகர மாட்டாள்.

"சரி" என்றேன். "உன் கையில."

ஷட்டரை அவள்தான் இழுத்து மூடினாள். தெருவில் இறங்கினதும் என் வலதுபக்கம் வந்தவள், நின்று, சுற்றிக்கொண்டு இடதுபக்கம் வந்து நடந்தாள்.